அண்ணாவின் குடிப்பழக்கம்: மூளைத் தூண்டல் சிகிச்சை பற்றி அறிந்தவர்களின் உதவி தேவை

உறவுகளுக்கு வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கிறேன். கடற்றொழில் செய்யும் என் அண்ணா பத்து வருடங்களுக்கு மேலாகச் சாராயத்துக்கு அடிமையாக இருக்கிறார். இரண்டு முறை சிகிச்சை பெற்று, சில மாதங்கள் குடிக்காமல் இருந்து, மீண்டும் தொடங்கிவிட்டார்.

நெற்றிக்குப் பின்னால், ஆசையைக் கட்டுப்படுத்த உதவும் மூளைப் பகுதியைக் காந்தத் துடிப்புகளாலோ, ஓரிரு மில்லியம்பியர் அளவான மெல்லிய மின்னோட்டத்தாலோ தூண்டும் சிகிச்சைகளைப் பற்றி வாசித்தேன். காந்த முறைக்கு அமெரிக்காவில் 2008இல் மனச்சோர்வுக்கும் 2020இல் புகைப்பழக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. குடிக்கு இது ஆய்வு நிலையிலேயே உள்ளது.

என்னை அதிகம் ஈர்த்தது கணினிப் பயிற்சிதான். திரையில் மதுவின் படம் தோன்றும்போதெல்லாம் கைப்பிடியைத் தள்ளி அதை விலக்கப் பழக்குகிறார்கள். ஜெர்மனியில் 214 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், வழமையான சிகிச்சையோடு இப்பயிற்சியையும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் மீண்டும் குடித்தோர் குறைவாக இருந்தனர். மருந்தும் ஆலோசனையும் இல்லாமல் இது மட்டுமே போதும் என்று நான் எண்ணவில்லை.

சென்ற முறை திடீரெனக் குடியை நிறுத்தியபோது அண்ணாவுக்கு வலிப்பு வந்தது. காந்தத் தூண்டலும் அரிதாக வலிப்பை ஏற்படுத்தலாம் என்பதே என் பெரிய பயம். அப்படிப்பட்டவருக்கு இதைச் செய்யலாமா என்று அனுபவமுள்ள வைத்தியர்கள், தாதியர்கள் யாராவது சொல்ல முடியுமா? இலங்கையில் இச்சிகிச்சையைப் பெற்றவர்கள் இருந்தால், எத்தனை தடவை போகவேண்டியிருந்தது, செலவு எவ்வளவு, தமிழில் விளங்கப்படுத்தினார்களா என்பதை அறியத்தாருங்கள். கொழும்புக்கு நாள்தோறும் போய்வர எங்களால் இயலாது. இந்த முறை அண்ணாவே, “ஏதாவது வழி பார்” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.