உறைந்த உணவை ஏற்க மறுக்கும் நீலக்கோட்டுக் குழல்மீன்கள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் வசிக்கிறேன். (கடற்குதிரையின் உறவினமான குழல்மீன்களை இந்தியாவில் பிடிக்கவும் விற்கவும் தடை உண்டு; ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட வேண்டாம்.) என் 200 லிட்டர் பவளத் தொட்டியில் ஒரு ஜோடி நீலக்கோட்டுக் குழல்மீன்களை விட்டு மூன்று வாரம் ஆகிறது. விரல் நீளம்தான். ஆரஞ்சு உடலில் நீலக் கோடு மின்ன, பாறைக்கு அடியில் தலைகீழாக நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கவலை உணவைப் பற்றியது. இவற்றுக்கு இரைப்பை கிடையாது. தின்றது விரைவில் வெளியேறிவிடுவதால் நாளுக்குப் பலமுறை கொடுத்தாக வேண்டும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிரி) குஞ்சுகளை உறிஞ்சித் தின்கின்றன. ஆனால் மஞ்சள் கரு தீர்ந்த குஞ்சில் சத்து மிகக் குறைவு. உறைந்த மைசிஸ் இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டால், உற்றுப் பார்த்துவிட்டு விலகிவிடுகின்றன. அதற்குள் கோமாளி மீன்கள் பாய்ந்து முடித்துவிடுகின்றன. பெண் மீனின் வயிறு ஒட்டத் தொடங்கியிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் மனம் தாங்கவில்லை.

உறைந்த உணவுக்கு இவற்றைப் பழக்கியவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்? உணவு போடும்போது நீரோட்டத்தை நிறுத்துவீர்களா? உயிருணவாகக் கோபிபாட் (நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரி) வளர்க்கத் தனித் தொட்டி அமைத்தவர்கள், அவற்றுக்கு எந்தப் பாசியைத் தீனியாகக் கொடுக்கிறீர்கள்? கோமாளிகளை வேறு தொட்டிக்கு மாற்றவும் தயாராக இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் இன்றே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.