எம்மா ராணி பற்றித் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

சுங்கை சிப்புட் பொண்ணு: வணக்கம். நெதர்லாந்து ராணி எம்மா, மகளுக்காக 1890 முதல் 1898 வரை ஆட்சியைப் பார்த்துக்கிட்டாங்கன்னு படிச்சேன். எங்கம்மாவும் அப்பா தவறின பிறகு, விடியறதுக்குள்ள நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போய்த்தான் என்னை ஆளாக்குனாங்க. அதனால மனசு அந்த ராணிகிட்டயே நிக்குது. ராணியோட புருஷனுக்கு அவங்களைவிட ரொம்ப வயசு அதிகம்னு சொல்றாங்களே, உண்மையா?

ஈப்போ வாத்தியார்: ஆமாம்மா. 1879-ல கல்யாணம், எம்மாவுக்கு 20, மூன்றாம் வில்லியமுக்கு 61. மூத்த தாரத்துப் பிள்ளைங்க மூணு பேரும் அப்பாவுக்கு முன்னாடியே போய்ட்டாங்க. ராஜாவும் கண்ணை மூட, பத்து வயசு வில்ஹெல்மினாதான் ராணி.

தைப்பிங் அக்கா: தங்கச்சி, ஒண்ணை விட்டுடாதே. எம்மாவோட அக்கா சோஃபி சின்ன வயசுலயே காசநோயில செத்தவங்க. ஆட்சிப் பொறுப்பு முடிஞ்சப்ப ஜனங்க திரட்டிக் கொடுத்த 3,00,000 கில்டரை (அப்போ நெதர்லாந்துல இருந்த காசு) எம்மா ரென்கும் ஊர்ல காசநோய் மருத்துவமனைக்கே கொடுத்துட்டாங்க. எனக்கு அவங்க ஆண்டதைவிட இதுதான் பெருசு.

சுங்கை சிப்புட் பொண்ணு: ரொம்ப நன்றிக்கா. மகள் பட்டத்துக்கு வந்த பிறகு எம்மா எங்க இருந்தாங்க?

ஈப்போ வாத்தியார்: ஹேக்லயும் சூஸ்ட்டைக் அரண்மனையிலயும். 1934 மார்ச்சுல காலமானாங்க.