அம்மாவுக்கு முடக்குவாதம், மாத்திரை போட்டும் வலி குறையல, என்ன பண்றது?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 52 வயசு, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மணிக்கட்டும் விரல் மொளியும் ஒரே மாதிரி வீங்கியிருக்கு, காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல கை மடங்கவே மாட்டேங்குது, ஜாக்கெட் ஹூக் கூட நான்தான் போட்டு விடறேன். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் குடுத்திருக்காங்க, ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகல, வலி அப்படியே இருக்கு, தினமும் போட்டா சீக்கிரம் கேக்குமான்னு அம்மா கேக்கறாங்க. ராத்திரி முட்டிக்கு அடியில தலகாணி வச்சாதான் தூங்கறாங்க. இந்த நோய்க்குப் பாக்கற ரத்த டெஸ்ட், ஆர்.ஏ. ஃபேக்டர், அது நெகட்டிவ்னு வேற வந்திருக்கு, அப்போ இது வேற ஏதாச்சுமா?

வார்டு அக்கா:
மொதல்ல மாத்திரைய பேசுவோம். தினமும் வேண்டவே வேண்டாம்மா, மெத்தோட்ரெக்ஸேட்டை தப்பா தினமும் போட்டு ரத்த அணு இறங்கி வாயெல்லாம் புண்ணாகி உயிர் போன கேஸெல்லாம் இருக்கு. ஒரு கிழமை முடிவு பண்ணி காலண்டர்ல வட்டம் போடுங்க, அந்த ஸ்ட்ரிப்பை மத்த மாத்திரையோட கலக்காம தனியா வைங்க. ஏற்கனவே கூடுதலா போட்டிருந்தா ஒண்ணும் தெரியலையேன்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. இது வலி மாத்திரை இல்ல, நம்ம எதிர்ப்பு சக்தியே மூட்டோட உள் சவ்வை தாக்குதுல்ல, அதை அடக்கற மருந்து, வேலை தெரிய 6லிருந்து 12 வாரம் ஆகும். அதுவரைக்கும் ஸ்டீராய்டு குடுத்திருந்தா நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க. ஃபோலிக் ஆசிட் மாத்திரை, ரத்த டெஸ்ட், லிவர் டெஸ்ட் எதையும் விடாதீங்க.

முட்டிக்கு அடியில தலகாணி, பாக்க சுகமாதான் இருக்கும், ஆனா கால் மடங்கின வாக்குலயே இறுகிப் போனா அப்புறம் நீட்டறது பெரும்பாடு. நீட்டியே படுக்க பழக்குங்க. ஃபேக்டர் நெகட்டிவா வர்றது அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு சகஜம்மா, ஆன்ட்டி சிசிபின்னு இதுக்கே இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, அதைப் பாத்தாங்களான்னு கேளுங்க.

பழைய நோயாளி:
எனக்கும் இதேதான், ரொம்ப வருஷமா. கூட இருக்கறவங்க செய்யற ஒரு விஷயம் சொல்லணும், நேரமாச்சுன்னு ஹூக்கை நீங்களே போட்டுடறீங்க பாருங்க, அதுல கை இன்னும் சோம்பிடும். காலைல வெதுவெதுப்பான தண்ணில கையை கொஞ்ச நேரம் வச்சு விரலை மெதுவா மடக்கி நீட்ட சொல்லுங்க, அப்புறம் அவங்களே போடட்டும், முடியாத நாள்ல மட்டும் உதவுங்க. பையை விரல்ல தூக்காம முன்கையில மாட்டிக்கணும், மூடியை விரலால திருகாம உள்ளங்கையால அழுத்தி திருப்பணும், கரண்டி பிடியில துணி சுத்தி தடியாக்கிட்டா பிடிக்க சுலபம். அப்புறம் அசதி. மத்தியானமே துவண்டு போவாங்க, அது நடிப்பு இல்லீங்க, நோயோட பாதி அதுதான்.

சும்மா ஒருத்தன்:
இதுக்கெல்லாம் மாத்திரையா, வீங்கின இடத்துல எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விட்டு நல்லா நடக்க விடுங்க, சரியாயிடும்.

வார்டு அக்கா:
தம்பி, சூடா வீங்கி இருக்கற மூட்டை அழுத்தி நீவினா வீக்கம் ஏறும். அந்த மாதிரி நாள்ல துணி சுத்தின ஐஸ் ஒரு 15 நிமிஷம், ஓய்வு, வலிக்காத அளவு லேசா அசைவு, அவ்ளோதான். விறைப்பு மட்டும் இருந்தா வெந்நீர் ஒத்தடம். வீக்கம் அடங்கினப்புறம் நடக்கறது நல்லதுதான், அதுல சண்டை இல்ல.

மழைத்துளி:
ரொம்ப நன்றி அக்கா, தலகாணிய இன்னைக்கே எடுத்துடறேன். எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு மட்டும் சொல்லிடுங்க.

வார்டு அக்கா:
ஜுரம், வாய்ப்புண், வறட்டு இருமலோட மூச்சு வாங்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் அடுத்த டோஸ் போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசுங்க. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீர்னு சிவந்து கொதிச்சு ஜுரமும் இருந்தா அன்னைக்கே கூட்டிட்டு போங்க, உள்ள சீழ் பிடிச்சிருக்கலாம். எப்பவாவது ஆபரேஷன்னா மயக்க டாக்டர்கிட்ட இந்த நோய் இருக்குன்னு மறக்காம சொல்லுங்க, கழுத்து எலும்பையும் இது பாதிக்கும்.