பாரிஸில் அக்கா வீடு, கூடவே கொஞ்சம் சரித்திரம்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். எங்கள் விசாவுக்காக அக்கா அங்கே நகராட்சியில் தங்குமிடச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அது கைக்கு வர உங்களுக்கு எவ்வளவு நாள் ஆனது?

சுற்றிப் பார்ப்பதில்தான் குழப்பம். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாயன்று விடுமுறை, வெர்சாய் அரண்மனை திங்களன்று விடுமுறை என்பது வரை பார்த்து வைத்திருக்கிறேன். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்தை அம்மா கட்டாயம் பார்க்க வேண்டுமாம். கட்டணம் இல்லை, சரி. முன்பதிவு செய்யாமல் போனால் வரிசை எப்படி?

என் ஆசையெல்லாம் மோன் சன் மிஷேல் மேல்தான். கடல் ஏறும்போது தீவாகிவிடும் பாறை, உச்சியில் பழைய மடாலயம். அம்மாவுக்கு மூட்டுவலி, அத்தனை படி ஏற முடியாது. கீழ்த்தெருவோடு நின்றுவிட்டால் அவ்வளவு தூரம் போவது வீணா? ஒரே நாளில் போய் வரலாமா, இல்லை ஒரு ராத்திரி தங்குவதா?

அக்காவைக் கேட்டுப் பயனில்லை. இத்தனை வருடத்தில் ஈஃபிள் கோபுரத்தைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை! வயதானவர்களோடு போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.