ஓசூரில் ரெண்டு சம்பளம், 74,000 ரூபாய்: நாங்கள் மிடில் கிளாஸா?

பென்னாகரத்தான்:
சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி சூப்பர்வைசர். கைக்கு வருவது 56,000. மனைவி தனியார் பள்ளி டீச்சர், 18,000. ஒரே பெண், நாலாம் வகுப்பு.

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு, ஊரில் வசதியானவர்கள் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டார்களாம். 25,000. "உனக்கென்னப்பா, ரெண்டு சம்பளம்" என்றார். மறுநாளே வீட்டு ஓனர் வந்து வாடகையை 14,000இலிருந்து 16,500 ஆக்கிவிட்டுப் போனார். முடியாது என்றால் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஆட்கள் காத்திருக்கிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வாடகை போக, தண்ணீர் லாரிக்கு எங்கள் பங்கு, பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 85,000, வேன் தனி. அப்பா அம்மாவுக்கு 8,000. சீட்டு 5,000. பைக் தவணை. மாதக் கடைசியில் ஆறாயிரம் நின்றால் அது நல்ல மாதம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது வளையல் அடகுக்குப் போனது, இன்னும் திரும்பி வரவில்லை.

ஊரில் நான் பணக்காரன். இங்கே எங்கள் தெருவில் கார் இல்லாத வீடு எங்களுடையது மட்டும். அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறது, என் மனைவிக்குக் கிடையாது, அது நியாயம்தான். (2023 ஜூலையில் அதன் பதிவு முகாமை முதல்வர் எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். அம்மா இன்றும் அது தன் ஊர்த் திட்டம் என்று பேசுவார்.) சரி, என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்று. மத்திகிரி பக்கம் 7 லட்சத்துக்கு ஒரு லீசு வீடு வந்திருக்கிறது. வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். பிஎஃப்பில் கொஞ்சம் எடுத்துப் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
அரசாங்கத்திடம் கேட்டால் மேசைக்கு ஒரு பதில் வரும் அண்ணா. உரிமைத் தொகைக்கு 2023இல் வைத்த வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். அதற்கு மேல் போனால் நீங்கள் வசதியானவர். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மத்திய அரசின் 10 சதவீத ஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம். அதாவது டெல்லி மேசையில் மாதம் 66,000 வாங்கும் குடும்பம் நலிந்த குடும்பம். வருமான வரிக்காரர் 2025-26 முதல், புதிய முறையில், சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார். அதுவும் ஆளுக்குத் தனித்தனியாக. உங்கள் வீட்டில் இருவரையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

'நடுத்தர வருமானம்' என்று எழுத்திலேயே போட்டிருப்பது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில்தான். நகர்ப்புறத்துக்கான இரண்டாம் கட்டத்தில் அது 6 முதல் 9 லட்சம். நீங்கள் சொல்லும் 74,000 ஆண்டுக்கு 8.88 லட்சம். ஆனால் அது பிடித்தம் போகக் கைக்கு வருவது. பிடித்ததையும் சேர்த்தால் 9ஐத் தாண்டிவிடும் என்றுதான் நினைக்கிறேன். தாண்டாவிட்டாலும் வீட்டின் விலை 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஓசூரில் அந்த விலைக்கு வீடு பார்த்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தளி ரோடு அக்கா:
நாங்கள்தான் அந்த எலக்ட்ரானிக் சிட்டி ஆட்கள். கோபப்படாதீர்கள் தம்பி. இருவருக்கும் சேர்த்து 1.7 லட்சம் வருகிறது, ஃபிளாட் தவணை 52,000. நாங்களும் மிடில் கிளாஸ் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். என் மாமியார் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

பெங்களூரில் 35,000 வாடகை கேட்ட அளவு வீடு முதலில் இங்கே 18,000க்குக் கிடைத்தது, வந்துவிட்டோம். அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் நின்றாலும் பரவாயில்லை என்று இருந்தது. எங்களால் உங்கள் வாடகை ஏறியது உண்மைதான். ஆனால் வருமானத்தை வைத்து இதைப் பேசவே முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை போனால் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று பாருங்கள். போன வருடம் என் கணவரின் டீமில் பாதிப் பேரை அனுப்பினார்கள். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம், மூன்று மாதம்கூடத் தேறவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பென்னாகரத்தில் காடு இருக்கும், வீடு இருக்கும். எங்களுக்கு ஊரில் அதுவும் இல்லை. பெரியப்பாவுக்கு ஐந்தாயிரம் அனுப்பினால் போதும்.

மத்திகிரி வீட்டுக்காரன்:
நான் வாடகை வாங்குகிறவன். நாலு போர்ஷன். ஓனர் என்றாலே எல்லாரும் திட்டுகிறீர்கள். போர்வெல் வறண்டு மறுபடி போட்ட செலவும் மோட்டார் எரிந்த செலவும் யார் கணக்கில்? வேலைக்கு வந்து ரிட்டையர் ஆகி இங்கேயே தங்கிவிட்டவன் நான். கேழ்வரகு விளைந்த நிலத்தை அன்று சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பேரன்கள் இன்று அதே இடத்தில் செக்யூரிட்டியாக நிற்கிறார்கள். அவர்களை எந்த கிளாஸில் வைப்பீர்கள்?

அதை விடுங்கள். லீசு விஷயத்தில் அவசரப்படாதே தம்பி. முதலில் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார். வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி அதைப் பதிந்திருந்தால் அதில் தெரியும். கடன் இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. ஓனர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி வீட்டைத்தான் பிடிக்கும், உன் 7 லட்சத்துக்கு நீ ஓனர் பின்னால் அலைய வேண்டும். அப்புறம், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். ஸ்டாம்புப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று புரோக்கர் சொல்வான். கேட்காதே. பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடு.

பென்னாகரத்தான்:
ஐயா, வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன். போன வருடம் வங்கியில் பத்திரம் வைத்தது பதிவாகி இருக்கிறது. புரோக்கர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. லீசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா சொன்ன கணக்கையும் போட்டோம். சீட்டை எடுத்தால் இரண்டு மாதம், அவ்வளவுதான். சூளகிரி பக்கம் 9,000க்கு வீடு இருக்கிறதாம். நான் பஸ்ஸில் வந்துவிடுவேன், பாப்பா பள்ளிக்கூடம்தான் யோசனையாக இருக்கிறது.

ஷிப்ட் பையன்:
காரிமங்கலம் பையன் அண்ணா. அதே சிப்காட், கான்ட்ராக்ட், 17,000. ஒரு ரூமில் நாலு பேர், நைட் ஷிப்ட்காரன் எழுந்தால்தான் எனக்குப் பாய். நீங்கள் எந்த கிளாஸ் என்று எனக்குத் தெரியாது. சூளகிரிக்குப் போவதாக இருந்தால் இந்த வீட்டு ஓனர் நம்பரைக் கொடுங்கள். நாலு பேரும் பங்கு போட்டு 16,500 கட்டிவிடுவோம். பேச்சிலருக்குக் கொடுப்பாரா?