விழுங்கச் சிரமப்படும் மகளுக்கு எடை கூடவில்லை: வயிற்றுக் குழாய் தேவைதானா?

கேள்வி: அல்சூர் தாய்
வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் தசை இயக்கம் தடுமாறும் நிலை) உள்ள என் மகளுக்கு 6 வயது நிறைந்துவிட்டது. எடை 11 கிலோவைத் தாண்டவில்லை. ஒருவேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீர், மோர் கொடுத்தால் இருமுகிறாள். நீர்க்கக் கரைத்த ராகிக் கஞ்சிதான் எளிதாக இறங்கும் என்று மாமியார் சொல்வதால் பெரும்பாலும் அதையே கொடுக்கிறோம். இந்த ஆண்டு இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டதால், வயிற்றில் குழாய் பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். வாய்ருசி ஒன்றுதான் அவளுக்கு இருக்கும் மகிழ்ச்சி. அதையும் நாமே பறித்துவிடுவோமோ என்று மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில்: கிருஷ்ணராஜபுரம் அம்மா
சகோதரி, முதலில் அந்த நீர்க்கஞ்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீர்த்த உணவு தொண்டையில் வேகமாக ஓடுவதால், மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்வதற்குள் உள்ளே இறங்கிவிடக்கூடும். போதாததற்கு, வயிறு நிறைந்தாலும் அதில் சத்து மிகக் குறைவு. என் மகனுக்கும் இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் கொடுத்து வந்தோம். இருமல் இல்லையென்றால் புரையேறவில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். சத்தமே இல்லாமல் உணவு நுரையீரலுக்குள் போவது இந்தக் குழந்தைகளிடம் அடிக்கடி நடப்பதுதான். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் நேரடியாகப் பார்க்கும் வீடியோ ஃப்ளோரோஸ்கோப்பி பரிசோதனையில்தான் எங்களுக்கு அது தெரிந்தது. எந்தப் பதம் பாதுகாப்பாக இறங்குகிறது என்பதையும், விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் அதிலேயே கண்டறிந்தார்.

குழாய் பொருத்தி 3 ஆண்டுகள் ஆகின்றன. துளையைச் சுற்றித் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், எதுக்களிப்பு கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும், எச்சில் புரையேறுவதைக் குழாய் தடுக்காது. இவற்றை மறைக்க மாட்டேன். ஆனால் வாய் மூடப்படவில்லை. அனுமதித்த பதத்தில் பருப்பு மசியல் இரண்டு கரண்டி இன்றும் ருசித்துச் சாப்பிடுகிறான். பசியாற்றும் பாரம் அந்த இரண்டு கரண்டியின்மேல் இல்லை என்பதால் எங்களுக்கும் பதற்றமில்லை.

பதில்: உணவியலாளர், ஜெயநகர்
அம்மா, ஒருநாள் முழுவதும் ஊட்டும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அது மொத்தம் 3 மணி நேரத்தைத் தாண்டினால் குழாய்வழி உணவைப் பரிசீலிக்கச் சொல்கிறது. எடை போதுமா என்று பார்க்க உயரமும் தெரிய வேண்டும். நிற்க முடியாத குழந்தையின் உயரத்தை அறிய, முழங்கால் உயரத்தை (குதிகாலிலிருந்து முழங்காலின் மேல்பகுதி வரை) சென்டிமீட்டரில் அளந்து, 2.69ஆல் பெருக்கி 24.2 கூட்டினால் சென்டிமீட்டரில் கிடைக்கும். குழாய் பற்றி முடிவாகும்வரை, பாதுகாப்பென்று உறுதியான பதத்தில், மசியலில் நெய்யோ தேங்காய் எண்ணெயோ நன்கு கலந்து கொடுங்கள். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 45 கலோரி உண்டு. எண்ணெயைத் தனியாக வாயில் ஊற்றவே கூடாது, அது நுரையீரலுக்குள் போனால் தனியொரு நிமோனியாவே வரும். வலிப்பு மருந்து எடுப்பவளாயின் வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அல்சூர் தாய்
மிக்க நன்றி. நேற்று நேரத்தைக் குறித்தேன்: மொத்தம் 4 மணி 10 நிமிடம். அந்தத் தாளைக் காட்டியதும், விழுங்கும் பரிசோதனைக்கு உடனே தேதி வாங்கச் சொன்னவர் என் மாமியார்தான்.