சைட்செயின், பம்பிங்: ஒரே சொல் போதுமா?

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணா, வணக்கம். வீட்டிலேயே கானா பதிவு செய்யும் பசங்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். ஒரு டிராக்கின் ஒலியை வைத்து இன்னொன்றை அமுக்கும் சைட்செயினுக்குப் 'பக்கச் சங்கிலி', சத்தம் தாளத்தோடு ஏறி இறங்கும் பம்பிங்குக்கு 'இறைப்பு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா? இல்லை, இரண்டுக்கும் ஒரே சொல்லே போதுமா?

ராயபுரத்திலிருந்து:

தம்பி, இரண்டையும் மாற்றுங்கள். சங்கிலி என்றால் வரிசையாகக் கோத்த எஃபெக்டுகள் என்று படிப்பவர் நினைப்பார். சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அமுக்கும் கருவிதான் கம்ப்ரஸர். அதற்குள் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நம் காதுக்கு வருவது. இன்னொன்று எவ்வளவு அமுக்கலாம் என்று அளப்பது. அந்த அளக்கும் வழியில்தான் வேறொரு டிராக்கைச் சொருகுகிறோம். கிக் டிரம் ஏவுகிறது, பேட் (பின்னணியில் நீளும் கீபோர்டு ஒலி) அடங்குகிறது. அதனால் 'ஏவுவழி'.

'இறைப்பு' பொருளில் பொருந்தும். ஆனால் நம் பேச்சில் ற, ர இரண்டும் ஒன்றுதான். சொன்னால் மூச்சு இரைப்பு என்று காதில் விழும். 'துருத்தியாட்டம்' எப்படி? ஆர்மோனியத் துருத்தியை விட்டு விட்டு அழுத்தினால் சத்தம் ஏறி இறங்கும், அதேதான். நம்மூர்ப் பேச்சில் 'ஆட்டம்' என்றால் 'மாதிரி' என்பதால், 'துருத்தி மாதிரி' என்றும் காதுக்குக் கேட்கும்.

இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். வால்யூம் கோட்டைக் கையால் வரைந்தாலும் துருத்தியாட்டம் வரும், ஏவுவழியே தேவையில்லை. குரலின் 'ஸ்' சீறலைக் குறைக்கும் டி-எஸ்ஸர் ஏவுவழியில்தான் வேலை செய்கிறது, அதில் ஆட்டம் கிடையாது.

கையேட்டில் ரீப்பர் பதிவு மென்பொருளுக்கான செய்முறை இப்படி இருக்கட்டும். பேட் டிராக்கை 4 சேனலாக்கி, ரீப்பரின் கம்ப்ரஸரான ரியாகாம்ப் போடவும். கிக்கிலிருந்து பேட் டிராக்கின் 3/4 சேனல்களுக்கு ஒரு செண்ட் (ஒலியை அனுப்பும் இணைப்பு), ப்ரீ-ஃபேடராக, அதாவது வால்யூம் ஃபேடருக்கு முன்பே எடுத்து. இல்லையென்றால் கிக் ஃபேடரைக் குறைத்ததும் ஆட்டமும் குறையும். அளக்கும் வழியான டிடெக்டர் இன்புட்டில் ஆக்ஸிலரி தேர்வு செய்ய மறந்தால் பேட் தன்னைத்தானே அமுக்கிக்கொள்ளும். பலர் மாட்டுவது இங்கேதான். ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 6:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 3 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 250. மீட்டர் 8 முதல் 10 டெசிபல் வரை இறங்கும்படி, அமுக்கல் தொடங்கும் அளவான த்ரெஷோல்டைக் குறைக்கவும்.

120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) ஒரு அடி 500 மில்லிசெகண்ட். ரிலீஸ் அதைத் தாண்டினால் பேட் எழுவதற்குள் அடுத்த கிக் வந்துவிடும். ஆட்டம் போய் வெறும் சத்தக்குறைவுதான் மிஞ்சும். ரிலீஸ் 20-க்கு இறங்கினால் வேறு தொல்லை: 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட், கம்ப்ரஸர் அலையையே துரத்திக் கரகரக்கும். அட்டாக் 0 வைத்தால் 'டிக்'கென்று வெட்டு விழும்.

டோலக்கை ஏவ விட்டால் வலக்கை அடி ஒவ்வொன்றுக்கும் பேட் துள்ளும். தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ரியாகாம்ப்பின் லோபாஸ் வடிகட்டியை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இடக்கை 'தொம்' மட்டும் ஏவும். அதுவும் இழுத்து அதிர்ந்தால், தாளத்தோடு ஒரு ஊமைக் கிக் வைத்து அது காதுக்குக் கேட்காதபடி அதன் மாஸ்டர் செண்டை அணைத்துவிடலாம். ம்யூட் போடக்கூடாது, செண்டும் சேர்ந்து நின்றுவிடும்.

வியாசர்பாடியிலிருந்து:

ஏவுவழியை எடுத்துக்கொண்டேன், அண்ணா. பம்பிங்குக்குப் 'பம்மல்' வைத்தால்? பெரியவர் வந்ததும் பையன் பம்முகிறான், கிக் வந்ததும் பேட் பம்முகிறது. ஓசையும் ஒட்டுகிறது.

ராயபுரத்திலிருந்து:

அருமையான சொல், தம்பி! ஆனால் பம்மல் இறங்குவதை மட்டும் சொல்கிறது, எழுவதைச் சொல்லவில்லை. அறிவிப்பாளர் பேசும்போது பின்னணி இசை தணிகிறதே, அந்த டக்கிங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தாளத்தோடு ஏறி இறங்குவதற்குத் துருத்தியாட்டமே இருக்கட்டும். அட்டாக், ரிலீஸுக்குப் 'பிடிநேரம்', 'விடுநேரம்' போட்டுப் பாருங்கள். அமுக்கியதை அப்படியே நிறுத்தி வைக்கும் ஹோல்டும் பிடிப்பதுதான் என்பதால் பிடிநேரத்தில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம்.